கடிப்பதற்கு முன்

வந்தவள்: இழுக்காதீங்க! கையை விடுங்க மேடம்... விடுங்கன்னு சொல்றேன்ல!

மேடம்: ஏய், யாரும்மா நீ? கதவைத் தட்டிட்டு வரணும்னுகூடத் தெரியாதா?

வந்தவள்: தட்டிட்டு நிக்கறதுக்குள்ள அவ மணிக்கட்டுல ரத்தம் வந்துடும். நீங்க இழுக்க இழுக்கப் பல்லு இன்னும் அழுந்தும். விட்டுட்டு ரெண்டடி பின்னாடி வாங்க.

மேடம்: மேஜைக்கு அடியில ஒரு குழந்தை தன் கையைத் தானே கடிச்சுக்கிட்டு இருக்கு. நான் வேடிக்கை பார்க்கவா?

வந்தவள்: ஆமா, வேடிக்கை பாருங்க. இப்போதைக்கு அதுதான் வேலை. அந்தத் தண்ணி பாட்டிலோட மூடியைக் கொடுங்க.

மேடம்: மூடியா?

வந்தவள்: மூடி மட்டும். சீக்கிரம்.

மேடம்: ...இந்தா.

வந்தவள்: தரையில சுத்தி விடறேன். நீங்க பேசாதீங்க, அவளையும் பார்க்காதீங்க. மூடியை மட்டும் பாருங்க... இன்னொரு தடவை... ம்... இன்னும் ஒண்ணு...

மேடம்: எடுத்துட்டா! வாயிலேருந்து கையை எடுத்துட்டா!

வந்தவள்: ஷ்ஷ்... மெதுவா.

மேடம்: சிரிக்கிறாளே... எப்படி?

வந்தவள்: அதிர்ஷ்டம்.

மேடம்: உள்ள வந்து ரெண்டு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள அதிர்ஷ்டமா? இந்தப் பாப்பாவை உனக்கு முன்னாடியே தெரியுமா?

வந்தவள்: இந்தத் தெரபி சென்டர்ல பிஹேவியர் தெரபிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூன்னு வரச் சொன்னாங்க. பத்தரை மணிக்கு. கொஞ்சம் முன்னாடியே வந்துட்டேன்.

மேடம்: நான் கேட்டது அது இல்ல.

வந்தவள்: சுத்துற பொருளைப் பிடிக்காத குழந்தை ரொம்பக் குறைவு மேடம். பேனா கிடைச்சிருந்தா பேனாவைச் சுத்தியிருப்பேன்.

மேடம்: ம்... சரி. வேலைக்கு வந்தவங்கன்னா உட்காருங்க. நாற்காலி அங்க இருக்கு.

வந்தவள்: இப்படித் தரையிலயே இருந்துக்கட்டுமா? மூடி என் கையில இருக்கு. நான் நாற்காலிக்குப் போனா அவ மறுபடியும் கையைத் தேடுவா.

மேடம்: தரையில உட்கார்ந்து இன்டர்வியூவா? நல்லா இருக்கு கூத்து.

வந்தவள்: பாப்பா பேர் என்ன மேடம்?

மேடம்: பேர் எதுக்கு? வெளியாட்கள்கிட்ட குழந்தைங்க பேரைச் சொல்றதில்ல இங்க.

வந்தவள்: நல்ல வழக்கம்தான். கடிக்கறதுக்கு முன்னாடி என்ன நடந்தது?

மேடம்: ஒண்ணும் நடக்கல.

வந்தவள்: ஏதாவது நடந்திருக்கும்.

மேடம்: நீங்க வர்றதுக்குள்ள வெளிய போய் ஒரு போன் பேசிட்டு வரலாம்னு பையைக் கையில எடுத்தேன். அவ்வளவுதான். பையை எடுத்தது குத்தமா?

வந்தவள்: குத்தம்னு யார் சொன்னா? மனசுல குறிச்சு வெச்சுக்கறேன்.

மேடம்: இங்க பாருங்க, கேள்வி கேக்க வேண்டியது நான். பதில் சொல்ல வேண்டியது நீங்க.

வந்தவள்: கேளுங்க.

மேடம்: உங்க பயோடேட்டா... ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே நின்னு போச்சு. அதுக்கப்புறம் ஒரு வரி இல்ல. ரெண்டு வருஷமா ஆள் எங்க போனீங்க?

வந்தவள்: எங்கயும் போகல. இதே ஊர்லதான் இருந்தேன்.

மேடம்: சும்மாவா?

வந்தவள்: கொஞ்ச நாள் வேலை பார்த்தேன். அப்புறம் வேலை இல்லாம வீட்ல இருந்தேன்.

மேடம்: எங்க வேலை பார்த்தீங்க? ஏன் இதுல எழுதல?

வந்தவள்: எழுதினா நீங்க அங்க போன் பண்ணுவீங்க.

மேடம்: பண்ணுவேன்தான். பண்ணினா என்ன?

வந்தவள்: இன்டர்வியூ முடியட்டும் மேடம். நானே சொல்றேன். கேக்காமலே சொல்றேன்.

மேடம்: மறைக்கறவங்க எல்லாரும் முதல்ல இதைத்தான் சொல்வாங்க.

வந்தவள்: இருக்கலாம். நான் ஒண்ணு கேக்கலாமா? இந்த மேஜை உங்களோடதுதானே?

மேடம்: ஏன்?

வந்தவள்: பேனா தேடி மூணு டிராயரைத் திறந்து பார்த்துட்டீங்க. மூணுலயும் பேனா இல்ல.

மேடம்: அது... புதுசா அறை மாத்தியிருக்கோம். சாமான் எல்லாம் இடம் மாறிக் கிடக்கு.

வந்தவள்: ஓ.

மேடம்: அந்த 'ஓ' எனக்குப் பிடிக்கல. நீங்க வேலைக்கு வந்திருக்கீங்களா, வேவு பார்க்க வந்திருக்கீங்களா?

டீயம்மா: மன்னிக்கணும்... டீ... ரெண்டு பேருக்கும்.

மேடம்: ஐயோ, நீங்க எதுக்கு... அங்க வைங்க. வெச்சுட்டுப் போங்க.

டீயம்மா: எல்லாம் நல்லாப் போகுதா... மேடம்?

மேடம்: போகுது, போகுது. கதவைச் சாத்திட்டுப் போங்க.

டீயம்மா: அந்தப் பேப்பர்ல கடைசிக் கேள்வியை விட்டுடாதீங்க மேடம். முன்னாடி என்ன, நடந்தது என்ன, பின்னாடி என்னன்னு அந்த ஷீட் எழுதிக் காட்டறது.

மேடம்: ஞாபகம் இருக்கு!

வந்தவள்: ...டீ கொண்டு வர்றவங்க கழுத்துலயும் இங்க ஐடி கார்டா?

மேடம்: எல்லாருக்கும் உண்டு.

வந்தவள்: திருப்பிப் போட்டிருக்காங்க. அவங்க உள்ள வந்ததும் நீங்க பாதி எழுந்துட்டீங்க.

மேடம்: வயசுல பெரியவங்க. மரியாதை.

வந்தவள்: கடைசிக் கேள்வி எதுன்னுகூட அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. கெட்டிக்கார டீயம்மா.

மேடம்: உங்க கண்ணு ரொம்ப வேலை செய்யுது.

வந்தவள்: இந்த வேலைக்குக் கண்ணுதான் மூலதனம் மேடம். பாருங்க, அவங்க வந்து போனதுக்குப் பாப்பா அசையவே இல்ல. மூடியையேதான் பார்த்துக்கிட்டு இருக்கா. ஒரு கையில உங்க செருப்பு வார்.

மேடம்: எங்க?

வந்தவள்: குனிஞ்சு பாருங்க. அப்பவே பிடிச்சது, இன்னும் விடல.

மேடம்: அவ... எல்லார்கிட்டயும் அப்படித்தான்.

வந்தவள்: என் செருப்பும் பக்கத்துலதான் இருக்கு.

மேடம்: விஷயத்துக்கு வாங்க. இந்தப் பாப்பாவுக்குத்தான் ஆள் தேடறோம். தெளிவாச் சொல்லிடறேன், இது கடைசி முயற்சி. இந்தத் தடவையும் ஆள் தப்பாப் போச்சுன்னா வேலையை விட்டுட்டுப் பிள்ளையை வீட்டோட வெச்சுக்கறேன், எந்தத் தெரபியும் வேண்டாம்னு அவங்க அம்மா சொல்லிட்டாங்க.

வந்தவள்: ஏன் அப்படி?

மேடம்: பட்டுட்டாங்க. முன்னாடி வேற ஒரு இடத்துல விட்டிருந்தாங்க. அப்போ நாலு வார்த்தை பேசிக்கிட்டு இருந்தா. அம்மா, தண்ணி, வேணாம், வா. எட்டு மாசமா அதுவும் இல்ல.

வந்தவள்: ஒண்ணுகூடவா?

மேடம்: ஒண்ணுகூட.

வந்தவள்: 'தண்ணி'கூட... இல்லையா?

மேடம்: ஏன் உங்க குரல் ஒரு மாதிரி ஆகுது?

வந்தவள்: டீ சூடா இருக்கு. தொண்டையில பட்டுடுச்சு.

மேடம்: நீங்க இன்னும் டம்ளரைத் தொடவே இல்ல. சரி, இதைப் பாருங்க. அந்தப் பழைய இடத்துல தினமும் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புற நோட்டு. இதை எழுதின தெரபிஸ்ட்தான் பாப்பாவைக் கெடுத்தது. படிச்சுட்டுச் சொல்லுங்க, எங்க தப்புப் பண்ணியிருக்கான்னு. அட்டையில பாப்பா பேர் இருந்தது, பேப்பர் ஒட்டி மறைச்சிருக்கேன்... என்ன, கையில வாங்க மாட்டேங்கறீங்க?

வந்தவள்: நீங்க இதைப் படிச்சீங்களா மேடம்?

மேடம்: நானா? இது அந்த அம்மா ஆதாரத்துக்காகக் கொடுத்து வெச்சது.

வந்தவள்: அவங்க படிச்சாங்களா?

மேடம்: பிள்ளையைக் கிள்ளினவ எழுதினதுல என்ன உண்மை இருக்கப் போகுது?

வந்தவள்: ரப்பர் பேண்ட் அட்டையோட ஒட்டிப் போயிருக்கு. மாசக்கணக்கா யாரும் திறக்கல. நான் இதைத் திறக்க மாட்டேன் மேடம். முதல்ல வீட்டாருங்கதான் படிக்கணும்.

மேடம்: நழுவறீங்க.

வந்தவள்: கிள்ளினான்னு எப்படிச் சொல்றீங்க?

மேடம்: போட்டோ இருக்கு. இந்தாங்க, போன்லயே இருக்கு. மணிக்கட்டுக்கு மேல பாருங்க. நகக்குறி! ஒண்ணு ரெண்டு இல்ல. ஒரு நாள் சாயங்காலம் குளிப்பாட்டும்போதுதான் தெரிஞ்சது. அன்னைக்கு ராத்திரியே புகார் எழுதிக் கொடுத்தாச்சு. மறுநாளே அவளை அனுப்பிட்டாங்க.

வந்தவள்: அவகிட்ட விசாரிச்சாங்களா?

மேடம்: எதுக்கு விசாரிக்கணும்?

வந்தவள்: அந்த அம்மா அவளை நேர்ல பார்த்துக் கேட்டிருக்கலாமே.

மேடம்: அந்த அம்மா அவ முகத்தையே பார்த்ததில்ல, பேர்கூடக் கேட்டு வெச்சுக்கல. காலையில ஆறரைக்கெல்லாம் வேலைக்குக் கிளம்பணும். பாப்பாவைக் கொண்டு விடறது, கூட்டிட்டு வர்றது, நோட்டுல கையெழுத்துப் போடறது எல்லாம் அத்தை. அந்த அம்மாவோட நாத்தனார்.

வந்தவள்: போட்டோவைக் கொஞ்சம் பெருசாக்கட்டுமா?

மேடம்: தாராளமா.

வந்தவள்: நகம்னா ஒரு பக்கம் நாலு, எதிர்ப்பக்கம் கட்டைவிரல் ஒண்ணு. இங்க மேல ஒரு அரை வட்டம், கீழ ஒரு அரை வட்டம். எல்லாம் சின்னச் சின்னதா... நடுவுல பாருங்க, ஒரு இடம் மட்டும் காலி.

மேடம்: காலின்னா?

வந்தவள்: பல்லு இல்ல. இது பல் தடம் மேடம். முன்பல் விழுந்த ஒரு குழந்தையோட பல் தடம். இப்போ பாப்பா சிரிக்கும்போது பாருங்க, மேல நடுவுல ஒண்ணு மட்டும் மத்ததைவிடப் பெருசா, புதுசா இருக்கு.

மேடம்: அந்த வாரம்தான் விழுந்தது... பல் தேய்க்கும்போது வாஷ்பேசின்ல கிடந்தது...

வந்தவள்: யார் சொன்னா?

மேடம்: ம்? அ... அந்த அம்மாதான் சொன்னாங்க.

வந்தவள்: ரொம்ப விவரமாச் சொல்லியிருக்காங்க.

மேடம்: இருக்கட்டுமே. அவளே கடிச்சதுன்னே வெச்சுக்குவோம். ஏன் கடிச்சா? அதுக்கு முன்னாடி அவகிட்ட அந்தப் பழக்கமே கிடையாது. அங்க என்னமோ பயமுறுத்தியிருக்காங்க. அந்தப் பயம்தான் இன்னைக்கு வரைக்கும் விடல.

வந்தவள்: பயம்தான். எங்கேருந்து வந்த பயம்னுதான் பார்க்கணும்.

மேடம்: நீங்க அந்தப் பொண்ணுக்கு வக்காலத்து வாங்கறீங்க.

வந்தவள்: பாப்பாவுக்கு வாங்கறேன்.

மேடம்: ஒரே தொழில், ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டீங்க. எழுதாத வேலை, படிக்காத நோட்டு, எல்லாத்துக்கும் ஒரு சாமர்த்தியமான பதில்... போதும்மா. எனக்கு உங்க மேல நம்பிக்கை வரல. நீங்க கிளம்பலாம். நானும் கிளம்பறேன், என் பை எங்க...

வந்தவள்: மேடம், பையை ஆட்டாதீங்க!

மேடம்: என் பையை எடுக்க உங்ககிட்ட... ஐயோ! கடிக்கிறா! மறுபடியும் கடிக்கிறா!

வந்தவள்: பையை அப்படியே கீழ வைங்க. சத்தம் வராம... ம். இழுக்காதீங்க. மூடி... இந்தா பாரு, சுத்துது... சுத்துது... இன்னொண்ணு...

மேடம்: ...விட்டுட்டா.

வந்தவள்: பார்த்தீங்களா?

மேடம்: என்ன பார்க்கணும்?

வந்தவள்: டீ கொண்டு வந்தவங்க இடுப்புல இந்த பில்டிங் சாவி மொத்தமும் தொங்குது. கலகலன்னுதான் வந்தாங்க, கலகலன்னுதான் போனாங்க. பாப்பா திரும்பிக்கூடப் பார்க்கல. உங்க பைக்குள்ள ஒரு மணி, ஒரே ஒரு தடவைதான் கிணிங்குன்னுது. கை நேரா வாய்க்குப் போயிடுச்சு. நான் கதவுக்கு வெளிய நிக்கும்போதும் முதல்ல அந்த மணிதான் கேட்டுது. அப்புறம்தான் உங்க அலறல்.

மேடம்: அது... சாவிக்கொத்துல கோத்திருக்கற மணி.

வந்தவள்: எப்போ வாங்கினது?

மேடம்: ஒரு வருஷம் இருக்கும். புது வேலையில சேர்ந்தப்போ. அவசரத்துக்குப் பைக்குள்ள சாவி அகப்படவே அகப்படாது... சத்தம் வந்தாத் தேட வேண்டாமேன்னு...

வந்தவள்: உங்க சாவி, உங்க மணி, உங்க வேலை. அதுக்கும் இந்தப் பாப்பாவுக்கும் என்ன மேடம் சம்பந்தம்? சொல்ல வேண்டாம்னா விடுங்க.

மேடம்: காலையில ஆறரைக்கு... அவ முழிச்சுக்கக் கூடாதுன்னு கதவை மெதுவாத்தான் சாத்துவேன்... சாத்துவாங்க. அந்த அம்மா. செருப்பைக்கூடக் கையில எடுத்துக்கிட்டு வெளிய வந்துதான் போட்டுக்குவாங்க. முழிச்சா அழுவா, அழுதா விட்டுட்டுப் போக மனசு வராதுன்னு... படி இறங்கும்போது சாவியை எடுத்தா...

வந்தவள்: மணி மட்டும் உள்ள கேட்டிருக்கும்.

மேடம்: தூங்கறான்னுதான் நினைச்சேன்.

வந்தவள்: முழிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கா.

மேடம்: தினமுமா? ஒரு வருஷமாவா?

வந்தவள்: அவகிட்ட 'போகாதே'ங்கற வார்த்தை இல்ல. இருந்த நாலுல ஒண்ணு 'வா'. அதைச் சொல்லிப் பார்த்திருப்பா, யாரும் வந்திருக்க மாட்டாங்க. அப்புறம் பல்லுதான் பேசியிருக்கு.

மேடம்: அத்தை பக்கத்துலதானே இருந்தா... ஒரு வார்த்தை சொல்லல...

வந்தவள்: அவங்க சமையலறையில இருந்திருப்பாங்க. முழுக்கை சட்டை போட்டா ஒண்ணும் தெரியாது. பாப்பா அந்தக் கலக்கத்தோடதான் தெரபிக்குப் போயிருப்பா. அதனால அங்கயும் காலையில முதல் அரை மணி நேரம்தான் கடிச்சிருப்பா.

மேடம்: அந்தப் பொண்ணு... அப்போ அந்தப் பொண்ணு ஒண்ணுமே பண்ணலையா?

வந்தவள்: அழாதீங்க. மேஜைக்கு அடியிலேருந்து உங்களைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கா.

மேடம்: இதுக்கு வழி இருக்கா?

வந்தவள்: இருக்கு. மணியைக் கழட்டி எறிஞ்சாப் பாதிதான் சரியாகும். திருட்டுத்தனமாக் கிளம்பறதை நிறுத்தணும். எழுப்பி, முகத்தைப் பார்த்து, போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போகணும். ரெண்டு படம் வெச்சுக் காட்டணும், ஒண்ணு கதவு, அடுத்தது அம்மா முகம். முதல் வாரம் கதவு வரைக்கும் போயிட்டு உடனே திரும்பி வரணும். அப்புறம் படி வரைக்கும். மணிச் சத்தம் கேட்டா அம்மா போவாங்க, ஆனா அம்மா வந்துடுவாங்கன்னு அவளுக்குப் பழகணும். முதல்ல கண்டபடி அழுவா. அழட்டும். அழறது கடிக்கறதைவிட எவ்வளவோ மேல்.

மேடம்: நீங்க கூட இருப்பீங்களா?

வந்தவள்: கிளம்பலாம்னு சொல்லிட்டீங்களே.

மேடம்: இப்போ வாங்கன்னு சொல்றேன். நாளைக்கே. வேலை உங்களுக்குத்தான். டீயம்மாகிட்ட... ஆளை நானே பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும்னு இந்த நாற்காலியை விட்டுக்கொடுத்தவங்ககிட்ட நான் பேசிக்கறேன்.

வந்தவள்: கடைசிக் கேள்வி பாக்கி இருக்கு மேடம். ஷீட் எழுதிக் காட்டறது.

மேடம்: அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்.

வந்தவள்: எழுதிக் கொடுத்துட்டு அப்புறம் வேலையைப் பத்திப் பேசலாம்.

மேடம்: அதான் வேண்டாம்கறேனே! வேலை கிடைச்சாச்சு, எதுக்கு இந்தப் பிடிவாதம்?

வந்தவள்: இன்டர்வியூ முடியும்போது ஒரு விஷயம் சொல்றேன்னு சொன்னேனே... வாயால சொல்ல வரல. பேனா இருக்கு என்கிட்ட. ஒரு நிமிஷம்... இந்தாங்க.

மேடம்: 'காலை, பத்தேகால். முன்: சாவி மணிச் சத்தம். நடந்தது: கடி, இரண்டு.' ...இது என்ன, கோடு போட்டு எண்ணாம சின்னச் சின்ன வட்டம்?

வந்தவள்: கோடு போட்டா ஜெயில்ல கைதி நாளை எண்ற மாதிரி இருக்கும். அதனால வட்டம்தான் போடுவேன். எப்பவுமே.

மேடம்: 'பின்: மூடியைச் சுற்றிவிட்டதும் கையை எடுத்துவிட்டாள். சிரித்தாள்.' ம்... அழகான கையெழுத்து.

வந்தவள்: இப்போ அந்த நோட்டைத் திறங்க மேடம்.

மேடம்: எதுக்கு?

வந்தவள்: ரப்பர் பேண்டைக் கழட்டிட்டு ஒரே ஒரு பக்கம் பாருங்க. நடுவுல எங்க வேணாலும்.

மேடம்: ...அறுந்தே போச்சு. 'காலை, ஒன்பதேகால். கடி, மூன்று.' மூணு... மூணு வட்டம்... 'பாட்டில் மூடியைச் சுற்றிவிட்டதும் கையை எடுத்துவிட்டாள். சிரித்தாள்.' இது... 'வீட்டாருக்கு: காலையில் இங்கே வருவதற்கு முன் வீட்டில் என்ன நடக்கிறது? தயவுசெய்து எழுதி அனுப்பவும்.' கீழ அத்தை கையெழுத்து. 'பார்த்தேன்.' அவ்வளவுதான். அடுத்த வாரம்... அதே கேள்வி. 'பார்த்தேன்.' அதுக்கு அடுத்த வாரமும்... நீங்க... நீங்களா...

வந்தவள்: மூணு தடவை எழுதிக் கேட்டிருந்தேன், சிட்டு அம்மா. இன்னைக்குத்தான் பதில் வந்தது.